ஒரு டப்பா, இரண்டு விரல்கள்

"அது எனக்கு எடுத்து வெச்சது!"

"உங்க பேர் எழுதியிருக்கா என்ன?"

மருந்துக்கடை மேஜையில் இருந்த ஒரே ஒரு டப்பாவை இரண்டு கைகள் பிடித்திருந்தன. ஒன்று, மூன்றாவது மாடியில் தையல் கடை வைத்திருக்கிறவளுடையது. இன்னொன்று, அந்தக் கட்டடத்து லிப்டைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக்குடையது. வெளியே நல்ல மழை. அவன் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது... கண்கள் மட்டும் சண்டைக்கு நடுவிலும் சிரித்தன. அவளுக்கு எரிச்சலே அதுதான்.

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு பேர் வீட்லயும் ஒரே கம்பெனி மெஷின். சுகர் பார்க்குற ஸ்ட்ரிப் இந்த ஒரு டப்பாதான். அடுத்த சரக்கு வர ஒரு வாரம் ஆகும்."

"அப்போ பாதியா பிரிச்சுக் கொடுங்க," என்றாள் அவள்.

"அது ஆகாதுங்க," என்றான் மெக்கானிக். "டப்பாவை விட்டு வெளியே வெச்சா ஸ்ட்ரிப்ல ஈரம் ஏறிடும். அப்புறம் மெஷின் காட்டுற நம்பரை நம்ப முடியாது." கொஞ்சம் யோசித்தான். "டப்பா உங்ககிட்டயே இருக்கட்டும். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு... வந்து எடுத்துக்கிறேன்."

அவனுக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருடம். அவளுக்கு வந்து ஒன்பது நாள்.

மறுநாள் மதியம் அவன் தையல் கடைக்கு ஏறி வந்தபோது, அவள் சுகர் மெஷினை முன்னால் வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"நாள் முழுக்க ஊசியோட குடும்பம் நடத்துறீங்க. இந்தத் துளியூண்டு ஊசிக்கா பயம்?"

"அந்த ஊசி துணியைத்தான் குத்தும்," என்றாள் வெடுக்கென்று.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். விரல் நுனியில் குத்தினால் வலிக்கும். பக்கவாட்டில் குத்த வேண்டும். அவள் விரல்கள் தைத்துத் தைத்துக் காய்ப்பேறியிருந்ததால் மோதிர விரலைக் காட்டச் சொன்னான். டக்கென்று ஒரு சத்தம்... ஒரு சொட்டு. நூற்றுப் பதினெட்டு.

"அவ்வளவுதானா!"

"இனி ரெண்டு மணி நேரம் கழிச்சு. முதல் வாய் வெச்சதுலேர்ந்து கணக்கு, சாப்பிட்டு எழுந்ததுலேர்ந்து இல்ல."

இரண்டு மணி நேரம் கழித்து இருநூற்றுப் பதினான்கு காட்டியது. அவள் முகம் வாடிவிட்டது.

"இது பரீட்சை மார்க் இல்லீங்க. என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டியும் ஜாமும்..."

"அதையும் பக்கத்துல எழுதுங்க. டாக்டருக்கு நம்பர் மட்டும் போதாது."

அடுத்த நாள் ரொட்டியைப் பாதியாக்கி, காய்கறியும் முட்டையும் கொண்டுவந்தாள். நூற்று அறுபத்தாறு. குழந்தை மாதிரி கை தட்டினாள். அவன் தன் மெஷினைப் பார்க்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். 'ஏன் இப்படிப் பார்க்கிறார்... நான் ஏன் தலையைக் குனிகிறேன்?'

மூன்றாம் நாள் அண்ணன் வந்துவிட்டார். அப்பா போன பிறகு அவளை வளர்த்தவர். சர்க்கரை என்று தெரிந்தால், கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார் என்பார். பதறிப்போய் சுகர் மெஷினைத் துணிக்குள் தள்ளினாள்.

"யாரும்மா இவரு?"

"யாரோ லிப்ட் ஆளு, அண்ணா. நூல் கேட்டு வந்தாரு."

மெக்கானிக் அன்றைக்கு எடுக்க வேண்டிய ஸ்ட்ரிப்பையும் எடுக்காமல் இறங்கிப் போனான். மறுநாள் வரவேயில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துப்போனது. தான் சொன்ன பொய்யால் அவன் டெஸ்ட் பண்ணாமல் இருக்கிறானே... அந்த எண்ணம் முள்ளாய் உறுத்தியது.

அண்ணன் திரும்ப வந்தபோது, அவர் கண் முன்னாலேயே விரலைக் குத்திக்கொண்டாள்.

"எனக்கு சுகர் இருக்குண்ணா. பார்த்துச் சாப்பிடுறேன், எழுதி வெக்கிறேன். கடையை மூட மாட்டேன். அன்னிக்கு வந்தவர்தான் எனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தாரு. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் நம்பர்களை எழுதி வைத்திருந்த நோட்டை அண்ணன் வெகுநேரம் புரட்டினார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "அப்பாவுக்கு இருந்தது. எனக்கும் இருக்குமோன்னு பயந்து நான் டெஸ்டே பண்ணிக்கல. உனக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லம்மா." நாற்காலியில் உட்கார்ந்தார். "கடையை நான் பார்த்துக்கிறேன். நீ போய் அந்த மனுஷனைப் பாரு."

டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடி வரை படியேறினாள். லிப்ட் அறையில் அவன் மோட்டாரைக் கழற்றிப் போட்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"யாரோ லிப்ட் ஆளைத் தேடி வந்தீங்களா?" நிமிராமலே கேட்டான்.

"கோபப்படுங்க. ஆனா அதுக்காக டெஸ்ட் பண்ணாம இருக்காதீங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்... ஒண்ணைத் தவிர."

"என்னது?"

"அதை முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும். எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. காது வரைக்கும் சிவந்துபோனான்.

"எனக்கு எப்பவோ பிடிச்சுப்போச்சு. நீங்க எங்கே தப்பா எடுத்துப்பீங்களோன்னுதான்..." தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். "கையெல்லாம் கிரீஸுங்க. இல்லேன்னா இப்பவே உங்க கையைப் பிடிச்சிருப்பேன்."

"பரவாயில்ல," என்று அவளே பிடித்துக்கொண்டாள்.