மண்ணுக்குள்ளிருந்து வந்த பிரதி

மூன்றாவது தாளைப் புரட்டியபோது அகழாய்வு நிறுவன இயக்குநரின் மடியில் மணல் கொட்டியது. கொஞ்சம்தான், ஒரு சிட்டிகை இருக்கும். அச்சகத்திலிருந்து நேராக வந்த தாள்களுக்குள் மணல் எப்படி வந்தது என்று யோசித்தபடியே தட்டிவிட்டார்.

"என்ன தம்பி, பிடிக்கலையா?" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி.

உறவுமுறை அண்ணி இல்லை. நிலத்துக்குள் ஒலியை அனுப்பி, அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்று கேட்டறியும் வேலையில் ஆறு வருடம் ஒரே கூடாரத்தில் கிடந்த நண்பரை அவர் அண்ணன் என்றே கூப்பிடுவார். அந்த நண்பரின் மனைவி இவள். பதினோரு வருடத்துக்கு முன் ஆய்வுக்குழி சரிந்து அண்ணன் போய்ச் சேர்ந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அண்ணி ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போனாள்.

"உளவு நாவல் தம்பி. புதைஞ்ச நகரம், கருவி, அலைன்னு ஒரே விஞ்ஞானமா இருக்கு. தப்பா அச்சாச்சுன்னா மானம் போயிடும். நீங்க ஒரு பார்வை பார்த்துட்டா போதும்."

விடுமுறை நாள். காவலாளி சாப்பிடப் போயிருந்தார். மதிய வெயில் ஜன்னல் திரையில் பழுப்பாகத் தேங்கி நிற்க, மின்விசிறி மட்டும் முனகிக்கொண்டிருந்த அலுவலகத்தின் நீளமான தரைத்தள அறையில், காலைத் தளர்த்தி நீட்டிக்கொண்டு அவர் படித்தார். வறண்ட ஆற்றுக்கடியில் யாருக்கும் தெரியாத ஒரு நகரம். அதன் வரைபடத்துக்கு அலையும் வெளிநாட்டு உளவாளிகள். அதைக் கண்டுபிடித்த இரண்டு நண்பர்கள். துரத்தலும் சங்கேதமுமாகக் கதை பறந்தது.

"எழுதின ஆள் விஷயம் தெரிஞ்சவர் அண்ணி," என்று சிரித்தார்.

"ஆமா. நல்லாவே தெரிஞ்சவர்."

நூறு பக்கம் தாண்டியதும் சிரிப்பு நின்றது. கதையில் வரும் கூடாரத்து விளக்குக்குக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அதில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நிஜத்தில் அதை ஒட்டியது அவர்தான். வரைபடம் கேட்டு வரும் வெளிநாட்டான் வலது கையில் கடிகாரம் கட்டியிருந்தான். அவனை அவர் தனியாகத்தான் சந்தித்தார். அண்ணனுக்குக்கூடத் தெரியாது.

அறையில் ஈரமண் வாசனை. வெளியே மழை இல்லை.

அடுத்த பக்கத்தில் ஒரு நண்பன் கயிற்றில் இறங்கினான். அடியிலிருந்து குரல் கொடுத்தான்: "டேய், இங்க ஒரு தெருவே இருக்குடா! விளக்கை இறக்கு!" மேலே நின்றவன் விளக்கை இறக்கவில்லை. கயிற்றைச் சுருள் சுருளாக மேலே இழுத்தான். பிறகு குழிக்கு முட்டுக் கொடுத்திருந்த மரத்தைச் சுத்தியலால் அடித்தான். நான்கு அடி. ஐந்தாவதில் மரம் விலகியது.

நான்கா ஐந்தா என்று எண்ணிப் பார்க்க அன்று அவரைத் தவிர ஆள் யாரும் அங்கே இல்லை.

"அண்ணி... இதை யார் எழுதினது?"

"பேர் போடல. கையெழுத்துப் பிரதியா எங்க வீட்டு வாசல்ல கிடந்துச்சு. ஈர மண்ணோட." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அவர் கையெழுத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பேர் எதுக்கு தம்பி?"

"இது கதை அண்ணி. வெறும் கதை."

"கதைதான். கயிறு இழுத்த பக்கத்துல ஏதாவது பிழை இருக்கா? இருந்தா சொல்லுங்க, திருத்திடலாம்."

அவர் அந்தப் பக்கத்தைத் தாள்களுக்கு அடியில் செருகினார். அதை அண்ணி நிதானமாகப் பார்த்தாள். அண்ணனின் காரியத்தில் படத்துக்கு முதல் ஆளாக மாலை போட்டவர் இவர். வரைபடத்தைக் கைமாற்றியவுடன் வெளிநாட்டான் ஆட்கள் அந்த நகரத்தைக் கல்லறை நகைகளைக்கூட விடாமல் வழித்துக்கொண்டு போனார்கள். இவருக்கு இந்த நாற்காலி கிடைத்தது. அண்ணிக்குப் பதினோரு வருடமாகத் தினமும் அடுத்தவர் பிழை.

கடைசித் தாளுக்குப் போனார். கதை பாதி வாக்கியத்தில் நின்றது.

"முடிவு எங்க?"

"கடைசி அத்தியாயத்தை உங்க கையில நேர்ல குடுத்துக்கிறேன்னு எழுதியிருந்தார்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "நான் வரட்டுமா?"

கதவைச் சாத்தினாள். வெளித்தாழ் விழும் சத்தம்.

"அண்ணி! கதவைத் திறங்க அண்ணி!"

செருப்புச் சத்தம் நடைபாதையில் தேய்ந்து மறைந்தது. மின்விசிறி நின்றது. அப்போதுதான் அது கேட்டது. தரைக்கடியில். எதையோ சுரண்டும் சத்தம். நிதானமான, அவசரமில்லாத சுரண்டல்.

வாழ்நாளெல்லாம் மண்ணின் சத்தத்தைக் கேட்டவர் அவர். கண்ணை மூடினாலே ஆழம் சொல்லிவிடுவார். பத்தடி. ஆறடி. மூன்று.

ஜன்னலுக்கு ஓடினார். கம்பி.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு தரை ஓடு எழும்பியது. சாய்ந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. நகமே இல்லை. தேய்ந்து எலும்பு தெரிந்த விரல்களுக்கிடையே இரண்டு தாள்கள். மை இன்னும் காயவில்லை.

கை தாள்களைத் தரையில் வைத்தது. பிறகு அவர் கணுக்காலைப் பற்றியது.

இன்னொரு ஓடு எழும்பியது. அதற்கப்பால் இன்னொன்று. சுவரோரம். கதவடியில். அறை முழுக்க.

சின்னச் சின்னக் கைகள். மெலிந்து கறுத்த, மிக மிகப் பழைய கைகள். வளையல்களைப் பிடுங்கி எடுத்த தழும்பு ஒவ்வொரு மணிக்கட்டிலும் வெள்ளையாகத் தெரிந்தது. முழங்கைவரை மேலே வந்து நின்றன. பிறகு எல்லாமே ஒன்றாக, அவர் பக்கம் திரும்பி, திருப்பிக் கேட்பதுபோல் உள்ளங்கையை விரித்தன.