வெள்ளைக்குக் கீழே ஆரஞ்சு

பின்னால் யாரோ வருகிறார்கள்...

நீன்கே மிதிப்பதை நிறுத்தினாள். அவள் சைக்கிளின் பின்சக்கரம் 'டிக்... டிக்... டிக்...' என்று ஓடியது. அதே தாளத்தில், கொஞ்சம் தள்ளி, இன்னொரு 'டிக்... டிக்...'. பிரேக்கைப் பிடித்தாள். அதுவும் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். பனிமூட்டம்தான். ஐசல்மேர் ஏரியின் அணைமேல், நவம்பர் மாத மத்தியானத்தில், நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாத பனி. சரிவில் எங்கோ ஓர் ஆடு இருமியது, மனுஷன் இருமுகிற மாதிரியே.

எதிரொலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இத்தனை பனியில் எதிரொலி எப்படி வரும் என்று யோசிக்க அவளுக்கு விருப்பமில்லை.

அந்த சைக்கிளே அப்படித்தான். போன வசந்தத்தில், ராஜா பிறந்தநாளன்று ஊரே தெருவில் போர்வை விரித்துப் பழசை விற்கும்போது, ஒரு பழைய இரும்புக்காரனிடம் வாங்கியது. அணையைப் பலப்படுத்தும் வேலை நடந்தபோது அங்கே கிடந்த குப்பையோடு அள்ளி வந்ததாம். குழாய், சீட், செயின், டயர்... விடாமல் எல்லாவற்றின்மேலும் யாரோ வெள்ளை பெயிண்டை அப்பி வைத்திருந்தார்கள். நீன்கே அதை எந்தப் புண்ணியவான் இப்படி நாசம் பண்ணினான் என்று மட்டும்தான் நினைத்தாள். நகத்தால் குழாயைச் சுண்டினாள். மணிபோல ஒலித்தது. குழாய்கள் கூடுகிற மூட்டில் மீன்கண் அளவுக்கு ஒரு துளை. அது செய்தவரின் முத்திரை. போஸ்க்மா என்கிற வாத்தியம் செய்பவர் ஒருவர், தேவாலய ஆர்கனுக்குக் குழாய் செய்வதை விட்டுவிட்டுப் பந்தய சைக்கிள் செய்த காலத்துச் சரக்கு அது.

ஸ்டாவொரன் ஊரில் ஒரு காலத்தில் விலாங்கு மீனுக்குப் புகைபோட்ட கொட்டகைதான் அவள் சைக்கிள் பட்டறை. கோடை முழுக்க அங்கே உட்கார்ந்து சுரண்டினாள். வெள்ளைக்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே வெள்ளை... கடைசியில் ஆரஞ்சு எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்துதான் அந்த வேடிக்கை ஆரம்பித்தது. சாயங்காலம் பூட்டும்போது ஒரு நிலையில் இருக்கும் முன்சக்கரம், காலையில் வேறு நிலையில் இருக்கும். காற்று என்றாள் நீன்கே. ஜன்னலைச் சாத்தி வைத்தாள். அப்புறமும் திரும்பியிருந்தது.

இன்றைக்குத்தான் முதல் ஓட்டம்.

மெல்ல மிதித்தாள். அணை வளைகிற இடம் வந்தது. செயின் இறுகிக்கொண்டது. காரணமே இல்லாமல், கெட்டியாக... சைக்கிள் நின்றுவிட்டது.

பனியிலிருந்து ஓர் ஆள் முளைத்தான்.

நெட்டை உருவம். ஒரு கையில் பெயிண்ட் டப்பா, மறு கையில் பிரஷ். அவன் பார்வை அவள்மேல் இல்லை, சைக்கிள்மேல் இருந்தது. சாம்பல் நிறக் கண்கள்... மழைக்குச் சற்று முன்னால் ஏரி இருக்குமே, அந்த நிறம். அப்படியொரு பயத்தை நீன்கே அதுவரை யார் கண்ணிலும் பார்த்ததில்லை.

"ரெய்ன்..." என்றான்.

டப்பா கை நழுவியது. மூடி தெறித்து, வெள்ளை பெயிண்ட் ஓடி வந்து அவள் காலணியை நனைத்தது.

"என்னங்க, பாதைக்கே வெள்ளையடிக்கிறீங்களா?" என்றாள். பயத்தை மறைக்கத்தான் அந்தக் கிண்டல்.

அவன் அப்போதுதான் அவளைப் பார்த்தான்.

"இந்த சைக்கிள் உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"வாங்கினேன். ஏன்?"

"இது எங்க அண்ணன் ரெய்னோடது. இந்த வளைவுல நின்ன சைக்கிள். அவன் செத்துப்போன இடம் இது. நான்தான் வெள்ளை அடிச்சு இங்க சாத்தி வச்சேன். வருஷத்துக்கு ஒரு நாள் வருவேன்... மேல ஒரு பூச்சு பூசிட்டுப் போவேன். இன்னிக்கு வந்தா சைக்கிளைக் காணோம். காணோமேன்னு நிக்கறேன்... பனியிலேர்ந்து அவன் ஓட்டின கலர்ல வருது."

நீன்கே குனிந்து சைக்கிளைப் பார்த்தாள். டயர் வரை வெள்ளை... செயின் வரை வெள்ளை... சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும், அது விபத்தில் செத்தவர்கள் நினைவாக அந்த இடத்திலேயே வைக்கிற சைக்கிள் என்று. அவள் கண்ணுக்கு மட்டும் அது மட்டமான பெயிண்டாகத் தெரிந்திருக்கிறது. பழைய சைக்கிள் பைத்தியம் பிடித்தவர்களால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு.

"தெரியாம பண்ணிட்டேங்க..."

"சரி. பழையபடி வெள்ளை அடிச்சுக் குடுங்க."

அங்கேதான் அவள் ரோஷம் முழித்துக்கொண்டது. "என் கையால அடிக்க மாட்டேன். ஒரு கோடை முழுக்க வேலை பாத்திருக்கேன் இதுல. வேணும்னா நீங்களே ஸ்டாவொரன்ல என் பட்டறைக்கு வந்து அடிச்சுக்கோங்க."

"வரேன். சனிக்கிழமை."

"பெயிண்ட் நீங்கதான் கொண்டு வரணும். இருந்தது எல்லாம் என் காலுக்குப் போயாச்சு."

அவன் உதடு ஓரம் லேசாக அசைந்தது. தூறல் ஆரம்பித்தது. அவன் இமையில் ஒரு துளி நின்று, தயங்கி, விழுந்தது. அதை ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நீன்கே தன்னையே கடிந்துகொண்டாள்.

சனிக்கிழமை வந்தான். பெயர் வெஸ்ஸல். ஊருக்கு வெளியே கால்வாயில் படகு வந்தால் பாலத்தைத் தூக்கிவிடுகிற வேலை. புது டப்பா கொண்டு வந்தான், ஜன்னலோரம் வைத்தான், திறக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்ததும்.

"பெயிண்டர் சார், டப்பா திறக்கிற உத்தேசம் உண்டா?"

"இன்னிக்கு ஈரம் ஜாஸ்தி. பெயிண்ட் காயாது."

"இந்த ஊர்ல என்னிக்குங்க ஈரம் இல்லை? ஆளைக் காக்க வச்சே பழகினவர் நீங்க. பாலத்தைத் தூக்கிட்டு வேடிக்கை பாக்கற ஆளாச்சே."

"பாலம் எறங்குறப்போ எல்லாரும் சிரிச்சுக்கிட்டேதான் போவாங்க. தெரியுமா?"

"கடுப்புல பல்லைக் கடிச்சிருப்பாங்க. தூரத்துலேர்ந்து உங்களுக்குச் சிரிப்பாத் தெரிஞ்சிருக்கும்."

அவன் சிரித்தான். காபியும் ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கெட்டும் வைப்பாள். அவன் சட்டைப்பையிலிருந்து உப்புக் கரிக்கும் அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்டுவான். குளிர்காலம் அப்படியே நகர்ந்தது. சனிக்கிழமைக்காக வெள்ளிக்கிழமையே தலைக்குக் குளிக்கிறோம் என்பதை நீன்கே ஒருநாள் கண்ணாடி முன்னால் கண்டுபிடித்து, தனியாக வெட்கப்பட்டாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அவன் உள்ளே கால் வைக்கும்போதெல்லாம், தாங்கியில் தொங்கும் அந்த சைக்கிளின் பின்சக்கரம் ஒரே ஒரு முறை 'டிக்' என்னும்.

"உங்களுக்கு வணக்கம் சொல்லுது பாருங்க," என்றாள் ஒரு தடவை.

அவன் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போனது. அவன் சைக்கிளின் எந்தப் பாகத்தையும் தொடுவான், துடைப்பான்... ஹேண்டில்பாரை மட்டும் தொடமாட்டான். அதைத் தாங்குகிற தண்டு இருக்கிற பக்கமே பார்க்கமாட்டான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. மறுபடியும் பனி வந்து ஜன்னலை அடைத்திருந்தது.

"வெஸ்ஸல், இந்த ஹேண்டில்பாரைக் கொஞ்சம் பிடிங்களேன்."

கையை நீட்டியவன், நெருப்பைத் தொட்டவன்போல் இழுத்துக்கொண்டான்.

"என்னங்க ஆச்சு?"

கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டான். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்.

"அன்னிக்குக் காலைல அந்தத் தண்டை மாட்டினது நான். அண்ணனுக்கு வாங்கின புதுத் தண்டு. மாட்டினேன்... போல்ட்டைப் போட்டேன்... அந்த நேரம் பாத்து போன். பேசிட்டு வந்து கடைசி முடுக்கு குடுத்தேனா இல்லையா... அந்த இடம் மட்டும் ஞாபகத்துல இல்லை நீன்கே. வெறும் வெள்ளையா இருக்கு. அவன் கிளம்பிப் போயிட்டான். வளைவுல சக்கரம் திரும்பாம ஹேண்டில்பார் மட்டும் சுத்தியிருந்தா... நேரா கல்லுமேலதானே போயிருப்பான். யாருமே பாக்கலை. பனியாலன்னு எழுதி முடிச்சுட்டாங்க."

"நீங்க அந்த போல்ட்டைத் தொட்டுப் பாக்கலையா?"

"தைரியம் இல்லை. பெயிண்ட் எடுத்து முதல்ல அந்த போல்ட் மேலதான் அடிச்சேன். வருஷா வருஷம் அதுமேல இன்னொரு பூச்சு... மூடிட்டாத் தெரிஞ்சுக்க வேண்டாம்ல. நீங்க அதைச் சுரண்டிட்டீங்க. அதைக் கழட்டின ஒரே ஆள் நீங்கதான். அது லூசா இருந்துச்சான்னு உங்ககிட்ட கேக்கத்தான் வந்தேன்."

கேட்கத்தான் வந்தேன்...

நீன்கேவின் காதில் அந்த ஒரு வார்த்தைதான் விழுந்தது. இத்தனை சனிக்கிழமையும் ஒரு போல்ட்டுக்காகவா? அவள் தலைக்குக் குளித்ததும், புதுக் கோப்பை வாங்கியதும்... அவமானம் சுரீரென்று ஏறியது.

"முதல் நாளே கேட்டிருக்கலாமே," என்றாள். "இத்தனை காபி மிச்சமாயிருக்கும்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பதில் வரும் என்று நின்றான். வரவில்லை. மெல்லத் தலையாட்டினான். கோட்டை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

அவன் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ... தான் பேசாமல் நின்றதையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டு போகிறான்.

லூசாக இல்லையே. அந்த போல்ட்டைக் கழற்ற முடியாமல் ஒரு ஆலன் கீயையே முறித்தவள் அவள். ஆனால் அதை வாயால் சொன்னால் நம்புவானா? இரக்கத்தில் சொல்கிறாள் என்பான். மழையில் நின்று துருப்பிடித்து இறுகியது என்பான். அந்தத் தண்டே வேண்டும். அந்தக் காலத்துச் சரக்கு இல்லை என்று கோடையில் கழற்றி எறிந்த தண்டு.

கழிவு இரும்பு பீப்பாயைக் கவிழ்த்தாள். பெடல், செயின், வளைந்த கம்பி... கிளறினாள். கை கிழிந்தது. அப்போது முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

டிக்... டிக்... டிக்...

தாங்கியில் பின்சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. காற்றில்லை. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. பல்லைக் கடித்துக்கொண்டு கிளறினாள். குவியலின் இடது பக்கம் கை போனால் சக்கரம் மெதுவானது. வலது பக்கம் போனால் வேகமானது. உள்ளே கையை நன்றாக விட்டாள். விரலில் ஏதோ வழவழவென்று தட்டியது.

சக்கரம் நின்றது.

தண்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த ஆரஞ்சு சைக்கிளையே தாங்கியிலிருந்து இறக்கி, பனிக்குள் பாய்ந்தாள்.

எதுவும் தெரியவில்லை. ஆனால் முன்னால் ஒரு சைக்கிள் போகிற சத்தம் தெளிவாகக் கேட்டது... டிக், டிக், டிக். வெஸ்ஸல்தான் என்று அதையே பிடித்துக்கொண்டு மிதித்தாள். அது திரும்பினால் திரும்பினாள். வளைவு வந்ததும் சத்தம் அறுந்தது.

அணையின் சரிவுக்குக் கீழே, தண்ணீரை ஒட்டிய கற்கள்மேல் வெஸ்ஸல் நின்றிருந்தான். அவன் பக்கத்தில் சைக்கிள் எதுவும் இல்லை. நடந்தே வந்திருக்கிறான்.

அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை. சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டுச் சறுக்கி இறங்கினாள்.

"கையை நீட்டுங்க."

"நீன்கே, வேண்டாம்... எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"ஒண்ணும் புரியலை உங்களுக்கு. நீட்டுங்க கையை."

தண்டை அவன் உள்ளங்கையில் அழுத்தினாள்.

"நீங்க அன்னிக்கு மாட்டினது. புதுசுன்னு சொன்னீங்கல்ல? இந்தப் பக்கம் பாருங்க, குழாய்க்குள்ள இருந்த பக்கம். இது லூசா இருந்து உள்ள சுத்தியிருந்தா, சுத்தி வளையமாக் கீறல் விழுந்திருக்கும். எத்தனை தண்டுல பாத்திருக்கேன் தெரியுமா? தேடுங்க. கட்டைவிரலால தடவிப் பாருங்க."

"துருப் பிடிச்சு..."

"துருப் பிடிச்சா போல்ட் இறுகும். ஒத்துக்கறேன். ஆனா துரு எந்தக் கீறலையும் அழிக்காது."

அவன் கட்டைவிரல் அந்த வெள்ளி நிறத்தின்மேல் ஊர்ந்தது. ஒரு முறை... திரும்ப ஒரு முறை. கீறல் இல்லை. வாங்கிய அன்று இருந்த வழவழப்பு அப்படியே இருந்தது.

"முடுக்கியிருக்கீங்க வெஸ்ஸல். நல்லா முடுக்கியிருக்கீங்க. நான் அப்பவே சொல்லியிருக்கணும்... ரோஷத்துல வாயை மூடிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

அவன் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். அழுகை சத்தமே இல்லாமல் வந்தது, தோள் மட்டும் குலுங்கியது. நீன்கே பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவன் ஈரத் தலையில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

அப்போது மேலே, அணைமேல்...

டிக்... டிக்... டிக்...

ஆரஞ்சு சைக்கிள் புல்லில் படுத்தபடியே கிடந்தது. அதன் சக்கரம் அசையவில்லை. சத்தம் அவர்கள் தலைக்கு நேராக வந்தது, நிதானமாகக் கடந்தது, வளைவில் அழகாகத் திரும்பி வடக்கே போனது. சரிவில் நின்ற ஆடுகள் ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத எதையோ பார்த்துக்கொண்டே இருந்தன. பிறகு குனிந்து மேய ஆரம்பித்தன.

"கேட்டுச்சா?" என்றான், மூச்சோடு மூச்சாக.

"கேட்டுச்சு."

நியாயமாக அவளுக்கு பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வெகுநேரம் கழித்து அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வெள்ளை வேண்டாம் நீன்கே. அது அப்படியே ஓடட்டும்."

"சரி," என்றவள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "அப்போ... போல்ட் விஷயமும் முடிஞ்சுது, பெயிண்ட் விஷயமும் முடிஞ்சுது. இனிமே சனிக்கிழமை உங்களுக்கு வேலை இல்லை."

"போல்ட்டைப் பத்திக் கேக்க ஒரு சனிக்கிழமை போதாதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சாம்பல் நிறக் கண்களில் இப்போது மழை பெய்து ஓய்ந்த ஏரி.

"கேட்டு முடிச்சுட்டா திரும்ப வர்றதுக்குக் காரணம் இருக்காதேன்னுதான் கேக்காமலே இருந்தேன். வாராவாரம் டப்பாவைத் திறக்காம வச்சுட்டுப் போனேன். அது புரியலையா உனக்கு?"

உங்களுக்கு இல்லை... உனக்கு.

"வர்ற சனிக்கிழமை என்ன சாக்கு சொல்லிட்டு வருவ?" என்றாள் அவளும், தலையைக் குனிந்துகொண்டே.

"சாக்கு எல்லாம் தீந்துபோச்சு," என்றான் வெஸ்ஸல். "உன்னைப் பாக்காம இருக்க முடியலைன்னு சொல்லிட்டு வருவேன்."