வலி கேட்டவன்

நான்காம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டபோது, தையல்காரி வழியோரத்துப் பழைய சத்திரத்தின் படிகளைத் தவழ்ந்துதான் ஏறினாள். இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து, தோல் நனைந்த துணியாய்ச் சுருண்டு கிடந்தது. வலது கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டு பைகளையும் சுமந்துகொண்டு பின்னாலேயே ஏறி வந்தாள் நாத்தனார். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பேர்.

"அண்ணி, அடுத்த தடவை வேண்டிக்கும்போது பஸ்லயே வர்றேன்னு வேண்டிக்கோங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

தையல்காரி சிரிக்கப் பார்த்தாள். முகம் கோணியதுதான் மிச்சம்.

அவள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து பதினேழு நாளாகிறது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். மாமியார் காவலுக்கு இருந்தாள். மலைமேல் இருக்கும் கோயிலுக்கு ஏழு நாள் நடந்தே வருகிறேன் என்று, அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தையல்காரி வேண்டியிருந்தாள். இன்னும் மூன்று நாள் பாக்கி.

கூடத்தில் பகலிலேயே இருட்டு. ஊறிய சுண்ணாம்பும் ஏதோ பழைய களிம்பும் கலந்த வாடை. வெந்நீர் கிடைக்குமா என்று பார்க்க வாயாடி பின்கட்டுக்குப் போனாள். தையல்காரி பையிலிருந்து ஊசியை எடுத்து, புதிதாகக் கிளம்பியிருந்த கொப்புளத்தில் நீர் வடிவதற்காக நூலைக் கோத்து இழுத்தாள். பல்லைக் கடித்தும் முனகல் வெளியே வந்துவிட்டது.

"ரொம்ப வலிக்குதா?"

மூலையில் ஒருவன் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். தோளில் வழிநடைப் பை. அவன் உள்ளங்கால்கள் அவள் பக்கம் பார்த்திருந்தன. அவற்றில் தோலே இல்லை. ரத்தமும் இல்லை.

"ஐயோ அண்ணே, உங்க காலு..."

"எனக்கு ஒண்ணும் வலிக்கலம்மா. அதான் கஷ்டம்." அவன் குரல் மழையைவிட மெல்லியதாக இருந்தது. "உன் வலியை எனக்குக் குடேன். வலிச்சாத்தானே நாம இருக்கோம்னு தெரியும்."

கேலி செய்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"எடுத்துக்கோங்கண்ணே. புண்ணியமாப் போகும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

வலி நின்றுவிட்டது.

மூலையிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. பல நாள் பட்டினி கிடந்தவன் முதல் வாய் சோற்றை விழுங்கிவிட்டு விடுகிற மூச்சு.

"யார்கூட அண்ணி பேசிட்டிருந்தீங்க?" வாயாடி வெந்நீரோடு வந்து நின்றாள். மூலை காலியாக இருந்தது. அவள் குனிந்து பார்த்துப் பதறினாள். "என்ன அண்ணி இது!"

ஊசி பாதிக்குமேல் சதைக்குள் இறங்கியிருந்தது. தையல்காரிக்குத் தெரியவே இல்லை.

ஐந்தாம் நாள் அவள் காற்றாய்ப் பறந்தாள். இந்த வேகத்தில் போனால் ஒரு நாள் முன்னாலேயே சேர்ந்துவிடலாம், அவருக்குக் கண் திறந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். வாயாடிக்குத்தான் மூச்சு வாங்கியது. பாலத்தருகே அவள் சட்டென்று நின்றாள்.

"அண்ணி, நில்லுங்க. தரையைப் பாருங்க."

வந்த வழி நெடுக சிவப்பாய்க் காலடிகள்.

ரத்தம் ஊறி வழிந்த கேன்வாஸ் ஷூவைக் கழற்றியபோது நகம் உள்ளேயே தங்கிவிட்டது. அடியில், ஷூவைத் துளைத்து ஏறிய ஒரு கண்ணாடிச் சில்லு. பாதத்தைத் தொட்டாள். கைக்குப் பாதம் தெரிந்தது. பாதத்துக்குக் கை தெரியவில்லை. யாருடைய காலையோ மடியில் தூக்கி வைத்திருந்தது போல ஜில்லென்று இருந்தது.

மறுநாள் காலை முழங்காலிலும் உணர்வு இல்லை. இடுப்பிலும் இல்லை.

நடந்து வருகிறவர்களுக்காக வழியில் போட்டிருந்த முதலுதவிக் கூடாரத்தில் கம்பவுண்டர் குண்டூசியால் குத்திக்கொண்டே மேலே வந்தார். கால். தொடை. வயிறு. அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போலேருந்தும்மா?"

பழைய சத்திரத்தில் மழைக்கு ஒதுங்கியதிலிருந்து என்று சொன்னாள். அவர் கை நின்றது.

"மூலையில உக்காந்திருந்தாரா? அவர்கிட்ட எதையும் குடுக்கலியே?"

"எல்லாத்தையும் குடுத்துட்டேன்னு அண்ணி சொன்னாங்க சார்," என்றாள் வாயாடி. "திரும்பப் போய்க் கேட்டு வாங்கிக்கலாமா?"

கம்பவுண்டர் கூடாரத்துக்கு வெளியே யாரையோ தேடுவதுபோலப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"போய்ப் பிரயோஜனமில்ல. அவர் இப்போ அங்க இருக்கமாட்டார். வண்டி சொல்லிவிடறேன், இனி ஒரு அடிகூட நடக்காதீங்க."

"இன்னும் ஒரு நாள்தான் சார் இருக்கு," என்றாள் தையல்காரி. சொன்ன குரலில் ஆசை இல்லை. கணக்குச் சொல்வதுபோல இருந்தது.

புருஷன் கிடந்த அதே ஆஸ்பத்திரியில், அவனுக்குக் கீழ் மாடியில் அவளுக்கும் ஒரு கட்டில் கிடைத்தது. காலையில் நர்ஸ் கட்டைப் பிரித்து, அழுகிய சதையைக் கத்தரிக்க ஆரம்பித்தாள். வேறொருத்தி துணி வெட்டுவதைப் பார்ப்பதுபோலத் தையல்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தரி இறங்கியது.

"ஆ..."

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா," என்ற நர்ஸ் நிமிர்ந்தாள். தையல்காரியின் வாய் மூடியிருந்தது.

மறுபடி கத்தரி.

"ஆ... ஆ..."

வாயாடி மெல்லக் குனிந்து, தொங்கிய விரிப்பைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

வெறும் தரை. பழைய களிம்பின் வாடை.

நர்ஸ் பாதியில் கட்டைச் சுற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மாடிப்படியில் மாமியாரின் கதறல் முதலில் கேட்டது. வாயாடி ஓடினாள். திரும்பி வந்தவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் போயிட்டார் அண்ணி."

தையல்காரிக்கு அழ வேண்டும் என்று தெரிந்தது. அவன் முகத்தை நினைத்தாள். வேலை முடிந்து வந்ததும் மெஷின் பக்கத்தில் குந்தி, தரையில் கிடக்கும் நூல் துணுக்குகளைப் பொறுக்குவானே, அதை நினைத்தாள். எல்லாம் ஞாபகத்தில் இருந்தது. அறிமுகமில்லாத ஒருவரின் விலாசத்தைப் படித்ததுபோல இருந்தது. நெஞ்சில் கை வைத்தாள். அங்கேயும் எதுவும் இல்லை.

"அழுங்க அண்ணி," என்று வாயாடி அவளைப் பிடித்து உலுக்கினாள். "அழுதுடுங்க."



பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் ஆண் குரல், அவள் புருஷனின் பேரைச் சொல்லிச் சொல்லி, ஆசை தீர அழ ஆரம்பித்தது.