கீழிருந்து தோண்டிய குழி

நேற்று மாலை குக்சிக் தன் பொக்லைன் வாளியால் வழித்துச் சமப்படுத்திவிட்டுப் போன செம்மண் தரையில், காலையில் ஒரு கரிய வட்டம் இருந்தது. யொங்சான் ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி, மரங்களைப் பிடுங்கிய அந்தப் பேரிக்காய்த் தோட்டத்துச் சரிவை மூடிக் கிடக்க, படகுத்துறைக் கடைகளில் புளிக்கவைத்த திருக்கை மீனின் நெடியோடு வேறொரு வாசனையும் கலந்து வந்தது. இப்போதுதான் பிசைந்த களிமண்ணின் வாசனை.

"ராத்திரி யாராச்சும் இங்க தோண்டுனாங்களா அண்ணே?" என்று கேட்டாள் ஹேசுக்.

அவள் தொல்லியல்காரி. குளிர்பதனக் கிடங்குக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கூடவே நின்று கவனிப்பது அவள் வேலை. பழம்பொருள் எது தட்டுப்பட்டாலும் அவள் கை காட்டினால் இயந்திரம் நின்றாக வேண்டும்.

"எனக்கெப்படி மேடம் தெரியும்" என்றான் குக்சிக்.

"பேரி மரம் பிடுங்குன குழி அது" என்றார் சைட் பொறுப்பாளர் தாக். "இன்னைக்குக் கம்பி வந்து இறங்கிரும். அதுவரைக்கும் கரண்டிய வச்சு மண்ணுக்கு ஷேவிங் பண்ணிட்டு இருங்க மேடம்."

குக்சிக் அந்த வட்டத்தைப் பார்க்காமல் நின்றான். போன வாரம், ஹேசுக் மறுகோடியில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, இதே இடத்தில்தான் வாளியின் பல்லில் அது தட்டுப்பட்டது: வாயோடு வாய் வைத்துப் புதைத்த இரண்டு பெரிய தாழிகள். வெளியே தெரிந்தால் வேலை மாதக்கணக்கில் நின்றுவிடும். தாக் ஹேசுக் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முஷ்டியால் காற்றைக் குத்திக் காட்டினார். குக்சிக் வாளியை ஓங்கி இறக்கினான். நொறுங்கிய ஓடுகளுக்கு நடுவே மடக்கிய முழங்கால் எலும்புகளும், சின்னதாக ஒரு மண்டையோடும், கொஞ்சம் பச்சை மணிகளும் கிடந்தன. தாழி கிடந்த ஆழத்துக்கும் கீழே வரை வழித்தெடுத்த மண்ணோடு எல்லாம் லாரியில் ஏறி, புதுச் சாலைக்கு அடியில் கொட்டப்பட்டு, மேலே ரோலரும் ஓடியாயிற்று. அன்றைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் திறக்கவில்லை.

ஹேசுக் வட்டத்தின் ஒரு பக்கத்தை நெட்டுக்குத்தாக வெட்டி இறக்கினாள். பிறகு குந்தி, வெட்டிய சுவரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அண்ணே, இங்க வாங்க. மேல இருந்து தோண்டுன குழின்னா வாய் அகலமா இருக்கும், போகப் போகக் குறுகும். இது தலைகீழா இருக்கு." கரண்டி முனையால் காட்டினாள். "சுத்தி எல்லாம் கன்னி மண்ணு. எந்தக் காலத்துலயும் மனுசக் கை படல. கீழ இருந்து யாரோ மேல தோண்டி வந்திருக்காங்க. வந்துட்டு, திரும்ப உள்ள போயி மூடிக்கிட்டாங்க."

வெட்டிய மண்சுவரில் விரல் தடங்கள் இருந்தன. எல்லாமே மேல்நோக்கி.

தாக் சிரித்தார். பூட்ஸ் காலோடு வட்டத்தின்மேல் குதித்து ஓங்கி மிதித்தார். "எலியா இருந்தா வெளிய வரட்டும்."

கீழிருந்து பதில் வந்தது. தப்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. காரை நோக்கி நடந்தார்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. குக்சிக் எஞ்சினை அணைத்துவிட்டு பொக்லைனின் ஓட்டுநர் அறைக்குள்ளேயே ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் மழை வழியும் ஓசைக்கு அடியில், பானை வனைகிறவர்கள் பச்சை மண்ணைப் பலகையால் அடிப்பதுபோல, அவசரமே இல்லாமல் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தப். தப். இருக்கைக்கு நேர் கீழே.

அவன் இறங்கி ஓடினான்.

தாக்கின் கார் கதவு திறந்து கிடந்தது. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம். பக்கத்தில் ஹேசுக் நனைந்தபடி அவருக்குப் போன் போட்டாள்.

மணி அடித்தது. மண்ணுக்குள்.

இருவரும் கரிய வட்டத்தைக் கையால் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் மண் வெதுவெதுப்பானது. பிறகு ஒரு வளைவு தட்டுப்பட்டது. தாழி. சுடாத தாழி, ஈரம் காயாதது; உடைந்த பழைய ஓட்டுச் சில்லுகள் அதன் மண்ணோடு பிசைந்திருந்தன. குக்சிக்கின் விரல்கள் அதில் பதிந்தன. ஒரு பக்கம் பிய்ந்து விழுந்தது.

உள்ளே தாக்.

முழங்கால்கள் மார்போடு மடங்கியிருந்தன. வாய் நிறையக் களிமண். முகம் முழுவதும் பலகையால் அடித்த வரிகள், பானைமேல் விழுவதுபோலவே, வரிசை பிசகாமல்.

கண் மட்டும் அசைந்தது. குக்சிக்கைப் பார்த்தது.

ஹேசுக் மெல்ல எழுந்தாள். ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி. அவள் பார்வை தாழியில் இல்லை. குக்சிக்கின் முதுகுக்குப் பின்னால், தரையில் இருந்தது.

"அண்ணே" என்றாள். "இங்க முன்னாடியே ஒரு தாழி இருந்திருக்கு. அத உடைச்சது யாரு?"

அவன் வாய் திறந்தான். சத்தம் வரவில்லை.

நாக்கில் மண்.

பின்னால் செம்மண் விலகியிருந்தது. அங்கே இன்னொரு தாழி. அகன்ற வாய். உள்ளே ஈரம். காலி.

அதற்கு அடியில் மண்ணிலிருந்து நீண்ட கை ஒன்று, களிமண்ணின் பதம் பார்ப்பதுபோல, அவன் கெண்டைக்காலை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.