பதிலுடல்

கால் சுண்டுவிரல் இருக்கிறது. அதற்கடுத்ததும் இருக்கிறது. கட்டைவிரல்? இருக்கிறது. அப்படியானால் இன்றைக்கும் நான் முழுசாகத்தான் விழித்திருக்கிறேன்.

கண்ணைத் திறக்கும் முன்பு வேணி தன்னை இப்படித்தான் சரிபார்த்துக்கொள்வாள். பிறகு ஒரு நைலான் இழையால் பாதங்களைத் தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பாள். அதற்குப் பின் கண்ணாடி. செவ்வாயின் நிலத்தடி ஊரான புதுக்கரையில் மருத்துவமனைக் கண்ணாடிகள் முகத்தைக் காட்டுவதில்லை. விழியின் உட்புறத்தைக் காட்டும். செம்மஞ்சள் வானத்தில் இலையில்லாத மரமொன்று கிளை விரித்து நிற்பதுபோல அவளுடைய இரத்தக் குழாய்கள் தெரியும். எந்தக் கிளையிலும் கசிவில்லை, புள்ளியில்லை. தன் முகம் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசை வந்தால், கமலவேணி வரும்வரை அவள் காத்திருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே முகம்.

வேணி, கமலவேணியின் பதிலுடல்.

புதுக்கரையில் தொட்டிகளில் விளையும் மாவுதான் உணவு. அநேகமாக எல்லோருக்கும் சர்க்கரை நோய். சர்க்கரை மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைக் கெடுக்கும். கூடவே இரத்த அழுத்தமும் ஏறினால் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் அவை ஓசையில்லாமல் உடையும், அடைபடும். வலிக்காது. அழுத்த மாத்திரை போட்டாலும் உடம்புக்கு ஒன்றும் தெரியாது, போடாவிட்டாலும் ஒன்றும் தெரியாது. எனவே யாருக்கு எந்த அளவு பொருந்தும் என்று முன்கூட்டியே பார்ப்பதற்காக, அவரவர் உயிரணுவிலிருந்து அதே நோயோடு இன்னோர் உடலை வளர்த்தார்கள். பதிலுடல் முதலில் விழுங்கும். அளவு சரியென்று தெரிந்தபின் உரியவரும் விழுங்க வேண்டும்.

ஆனால் பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் தாய் பத்தியமிருப்பதும், கணவனுக்காக மனைவி மொட்டை போட்டுக்கொள்வதும் வழக்கமாக இருந்த சனம் அது. பதிலுடலின் அறிக்கை நன்றாக வந்தால் தங்களுக்கே நன்றாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு, தங்கள் பங்கு மாத்திரையைத் தொடாமல் விட்டார்கள். "என் கண்ணு பளிங்கு மாதிரி இருக்காம்!" என்று கமலவேணி ஒவ்வொரு வருடமும் தெருவுக்கெல்லாம் அதிரசம் கொடுத்தாள். தானும் சாப்பிட்டாள்.

அன்று அவள் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. வழியில் கழன்று விழுந்தது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பின்னால் டாக்டர் செபஸ்தியம்மாள்.

"வேணி, எங்கடி இருக்கே?"

"உங்க எதிர்லதான்க்கா."

"ஏன் வெளக்கை அணைச்சு வெச்சிருக்கே?"

வேணி நிமிர்ந்து பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொஞ்சம் பார்வை மிச்சமிருக்கும்மா. ஊசி, லேசர் எல்லாம் பண்ணலாம். சர்க்கரையை அடக்கி வெச்சு, அழுத்த மாத்திரையையும் இனிமே நீங்களே ஒழுங்கா போட்டா, இருக்கறதைக் காப்பாத்திரலாம்."

"தெனமுமா?"

"தெனமும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஆயுசுக்கும்தான்."

"அதெல்லாம் யாரால முடியும் டாக்டர்? பேசாம இவ கண்ணை எடுத்து வெச்சிருங்க."

வேணிக்கு முதலில் அது வேறு யாரையோ பற்றிய பேச்சாகத்தான் பட்டது. "அப்புறம் மாத்திரை யார்க்கா போடுவா?" என்று கேட்டாள்.

"நீதான். வேற யாரு? மாத்திரை முழுங்கக் கண்ணு எதுக்குடி?" கமலவேணி சிரித்துக்கொண்டே கையை நீட்டி அவள் கன்னத்தைத் தேடினாள். உண்மையான பிரியத்தோடுதான் தடவினாள். "எல்லாமே என் ஒடம்புதானே. உன்கிட்ட இருந்தா என்ன, என்கிட்ட இருந்தா என்ன?"

சட்டப்படி சம்மதம் வேண்டும். ஆனால் பதிலுடலின் வாய்ச்சொல் செல்லாது. கையில் அழுத்தப்பட்டையைக் கட்டிக் கேள்வியைக் கேட்பார்கள். உள்ளூர மறுக்கும் உடலில் அழுத்தம் ஏறும். ஏறாவிட்டால் சம்மதம்.

"முறைப்படி அடுத்த வாரம் செய்யணும். இப்போ ஒத்திகை பாத்துரலாம்" என்று டாக்டர் பட்டையைக் கட்டினார். "வேணி, உன் கண்களைத் தரச் சம்மதமா?"

பட்டை இறுகியது. வேணிக்குள் ஏதோ ஒன்று தலைகீழாகக் கிணற்றில் விழுந்துகொண்டே இருந்தது. இல்லை, இல்லை என்று அது கத்தியது. பட்டை தளர்ந்தது. திரையில் நூற்றுப் பதினெட்டு என்ற எண் பச்சையாக ஒளிர்ந்தது.

"பாத்தீங்களா, என்ன சமத்து!" என்றாள் கமலவேணி.

அவர்கள் போனபின் வேணி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் நெஞ்சில் இருந்தது. ஆனால் அது இரத்தத்துக்குள் இறங்கும் வழியையெல்லாம் மாத்திரைகள் அடைத்து வைத்திருந்தன. ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கியவள் அவள். அப்படிப் பழக்கிய உடல் எதைக் கேட்டாலும் சம்மதம் என்றுதான் சொல்லும் போலிருக்கிறது. கண்ணைப் பிடுங்கும்போதும் அது அமைதியாகத்தான் இருக்கும்.

மாத்திரையை நிறுத்தினால் சில நாட்களில் அழுத்தம் ஏறும். அடுத்த வாரம் பட்டை உண்மையைச் சொல்லிவிடும். அதற்குள் உள்ளே எந்தக் குழாய் உடையுமோ, யார் கண்டது? அவளைவிட அதை நன்றாக அறிந்தவர் அந்த ஊரில் இல்லை. கண்ணைத் தனக்கென்று வைத்துக்கொள்ள, அதைக் கெடுக்கும் காரியத்தைத்தான் செய்தாக வேண்டும்.

காலையில் டாக்டர் மாத்திரையும் தண்ணீருமாக வந்தார். பதிலுடல் மறுத்தால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை. இதுவரை எந்தப் பதிலுடலும் மறுத்ததில்லை.

"இந்தா, போட்டுக்கோ."

"இப்ப வேண்டாம் டாக்டர்."

"ஏன், ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தானே இருக்கேன்? நாளைக்குப் பாத்துக்கலாம்."

டாக்டர் அவளை உற்றுப் பார்த்தார். இந்தப் பதிலை அவர் வெளிநோயாளிகளிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். அதே வார்த்தைகள், அதே சாதாரணக் குரல். பதிலுடல்களின் அறையில் கேட்டதேயில்லை.

"நல்ல பிள்ளையில்ல? வாயைத் தெற."

வேணி தம்ளரை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.