பல்லேடியத்தைக் கடந்து வந்தது

அவள் சோதனைக்கு வாயு பிடிக்கும் முனையில் சோப்பு வாசனை வந்தது.

ஹைட்ரஜனுக்கு ஏது வாசனை? அதுவும் இந்தப் பக்கம் வருவது வடிகட்டப்பட்டு வந்த சுத்த ஹைட்ரஜன். உலையிலிருந்து வரும் கலப்பு வாயு, பல்லேடியமும் வெள்ளியும் கலந்த மெல்லிய குழாய்களின் சுவரில் வந்து முட்டும்போது, ஹைட்ரஜன் மட்டும் அந்த உலோகத்துக்குள்ளேயே கரைந்து மறுபக்கம் வெளியேறும். மற்றதெல்லாம் வாசலோடு நின்றுவிடும்.

"உங்க அண்ணன் மாதிரிடீ இந்தக் குழாய். லேசுல யாரையும் உள்ள விடாது" என்று சிரிப்பான் அவள் கணவன்.

இதே ஆலைக் கூடத்தில்தான் அவனுக்கும் வேலை. போன கோடையில், பட்டப்பகலில், முற்றத்துக் குழாய் இணைப்பில் ஹைட்ரஜன் கசிந்து எரிந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. அவன் பேசிக்கொண்டே அதற்குள் நடந்துவிட்டான்.

இந்த வாசனை அவன் முகம் மழிக்கும் சோப்பினுடையது. வீட்டில் அந்தக் கட்டி காய்ந்து வெடித்து இன்னும் கிடக்கிறது. தூக்கிப் போட அவளுக்குக் கை வரவில்லை.

மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். "அண்ணே, இங்க ஏதாவது வாசனை வருதா பாருங்க."

அவர் குனிந்து மோந்தார். கருவியையும் பார்த்தார். "ஒண்ணும் இல்லையேம்மா, சுத்தமாத்தான் காட்டுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னும் கொஞ்ச நாள் வீட்லயே இருந்திருக்கலாம் நீ."

"வீட்ல இருந்தாத்தாண்ணே பைத்தியம் பிடிக்குது."

அவர் முற்றத்துப் பக்கம் நடந்தார்.

மழை பெய்து ஓய்ந்த மதியம். விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில், குழாய்க் கட்டுக்குள் ஏதோ இழுத்து இழுத்து மூச்சு விடுவதுபோல் கேட்டது. சூட்டில் உலோகம் நீளும் சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சத்தம் வெளியேறும் குழாய் வழியாக மெல்ல நகர்ந்து, சுவரைத் தாண்டி, முற்றத்துக்குப் போனது.

கசிவு மணி அலறியது.

வால்வை அடைத்தாள். மூலையில் இருந்த விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். இந்தத் தீயைக் கண்டுபிடிக்க அவசரத்துக்கு வேறு வழியில்லை; விளக்குமாறு எங்கே பற்றுகிறதோ அங்கே தீ.

"அண்ணே, நில்லுங்க! அசையாதீங்க!"

அவர் கல்லாய் நின்றார். அவள் விளக்குமாற்றை நீட்டியபடி அவரைச் சுற்றி வந்தாள். அவருக்கு இரண்டடி முன்னால் நுனி பற்றியது.

உயர்த்தினாள். ஓர் ஆள் உயரம் வரை எரிந்தது. அதற்கு மேல் இல்லை. தாழ்த்தினாள். தரை வரை எரிந்தது.

"வால்வ மூடிட்டேல்ல?"

"மூடிட்டேண்ணே."

"அப்ப அணைஞ்சிடும். பின்னால வா."

பின்னால் வந்தார்கள். காத்திருந்தார்கள். குழாயில் அழுத்தம் முழுக்க இறங்கியது. மணி ஓய்ந்தது.

ஈரச் சிமெண்டுத் தரையில் ஆவி எழும்பியது. ஓரிடம் மட்டும் வெளுத்துக் காய்ந்தது. பாதத்தின் அளவு.

அதற்கு முன்னால் இன்னொன்று.

"ஓடும்மா!" மேற்பார்வையாளர் கத்தினார். அவர் ஓடிவிட்டார்.

அவள் ஓடவில்லை. கால் எழவில்லையா, மனம் எழவில்லையா, தெரியவில்லை. விளக்குமாறு கையிலிருந்து நழுவியது.

இன்னொரு தடம். இன்னொன்று.

அவளுக்கு எதிரே வந்து நின்றது.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை யாரோ கோதிவிடுவதுபோல், அது மெல்ல ஒதுங்கி, சுருண்டு, கருகத் தொடங்கியது.