அடியில் தங்கிய வெள்ளை

“இருந்ததே ஒரு பாட்டில்தான். அதுவும் கெட்டுப்போச்சு மேடம்!” வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மேடம் என்றால் என் அம்மா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பள்ளி விட்டதும் நான் வெளியே, கூடத்து ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வேன். உள்ளே போகத்தான் தடை. ஒட்டுக்கேட்கத் தடை இல்லையே!

எதிர் வார்டில் பத்து நாள் பாப்பா ஒன்று வீல்வீலென்று கத்திக்கொண்டிருந்தது. பால் குடித்தாலே வாந்தியாம். பாலில் இருக்கும் ஒரு சர்க்கரை ரத்தத்தில் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை பால் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாவம், பாப்பாவின் அப்பா வராந்தாவில் நடையாய் நடந்தார்.

அந்தச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க, சுத்தம் செய்த ஒரு நொதி, அதாவது என்சைம், தேவை. அதுதான் அந்தச் சின்ன பாட்டிலில் இருந்தது. ஆனால் சர்க்கரை கலந்து வைத்த தண்ணீரைச் சோதித்தாலும் மெஷின் பூஜ்யம் காட்டியது. அடுத்த பாட்டில் வர மூன்று நாளாகும்.

தேதி பார்க்க அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“அம்மா, அடியில வெள்ளையா என்னமோ இருக்கே?”

“நீ கணக்கைப் போடு.”

“என் காய்ச்சல் மருந்தும் இப்படித்தானே அடியில தங்கும்? கலக்காம ஊத்தினா வெறும் தண்ணிதான் வரும்னு நீதானே சொன்னே?”

அம்மா புது அக்காவின் பக்கம் திரும்பினார். “எடுக்கறதுக்கு முன்னாடி கலக்கினியாம்மா?”

“ஐயையோ, இல்ல மேடம்! ‘குலுக்காதே’ன்னு போட்டிருந்துச்சே. ஆடாம அசையாம மேலாக எடுத்தேன்.”

“குலுக்கினா நுரைச்சுக் கெட்டுப்போகும். அது சரி. ஆனா நொதி மொத்தமும் அடியிலதானே கிடக்கு! மெதுவா சாய்ச்சுச் சாய்ச்சுக் கலக்கணும்.”

அம்மா கலக்கினார். பாட்டில் முழுதும் வெள்ளையானது. சர்க்கரைத் தண்ணீரை மறுபடி சோதித்ததும் மெஷினில் எண் மளமளவென்று ஏறியது. “உயிரோடதான் இருக்கு மேடம்!” என்று புது அக்கா குதித்தார்.

அடுத்தது, பாலை நிறுத்தும் முன்பே எடுத்து வைத்த பாப்பாவின் ரத்தம். எண் நகரவே இல்லை. நான் எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

“ஏறலையேம்மா!”

“ஏறாம இருந்தாத்தான்டி நல்லது. சர்க்கரை தேங்கல.”

அம்மா டாக்டருக்கு போன் செய்துவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டி, “சார், பால் கொடுக்கலாமாம்!” என்றார். பாப்பாவின் அப்பா நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை, ஒரே ஓட்டம்.

சற்று நேரத்தில் கத்தல் நின்றது. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சத்தமே இல்லை.

“குடிக்குது!” என்றேன்.

“அப்பாடா!” என்று புது அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.